யாங்கோனில் கேமிங் லாப்டாப்: முதலில் கரண்டைப் பாருங்கள், அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டைப் பார்க்கலாம்

யாங்கோன் தாமுவேயில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "அண்ணே, எல்.சி.சி.ஐ. கணக்குப் படிப்பு படிக்கிறேன். பகலில் அப்பா கடைக் கணக்கையும் நான்தான் எக்செல்லில் போடுகிறேன். ராத்திரி டோட்டா 2, வலோரன்ட், எப்போதாவது ஜி.டி.ஏ. 5 விளையாடுவேன். கடையில் ஆர்.டி.எக்ஸ். 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லாப்டாப் ஒன்றும் ஆர்.டி.எக்ஸ். 3050 போட்டது ஒன்றும் காட்டினார்கள். இரண்டில் எது எடுப்பது? இல்லை, அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கிவிடலாமா? எங்கள் ஏரியா கரண்ட் நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும் தம்பி. நீங்கள் கடைசியாகச் சொன்ன வரியிலிருந்துதான் நான் பதிலை ஆரம்பிக்கிறேன். நெட்டில் கிடைக்கிற லாப்டாப் ஒப்பீடுகள் எல்லாம் இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் இருக்கிற ஊரில் உட்கார்ந்து எடுக்கப்பட்டவை. சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், வருகிறது என்று அளப்பார்கள். நமக்கு அது பாதிக் கணக்குதான். நம் ஊரில் ஒரு லாப்டாப் நல்லதா இல்லையா என்பது கரண்ட் போன பிறகுதான் தெரியும்.

டெஸ்க்டாப் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். ஒரே காசுக்கு டெஸ்க்டாப்பில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கரண்ட் போன நொடியில் அது அணைந்துவிடும். யு.பி.எஸ். வைத்தால் சேவ் செய்து மூடுவதற்கு அவகாசம் கிடைக்குமே தவிர, ஒரு டோட்டா ஆட்டத்தை முடிக்க முடியாது. டோட்டாவில் ஐந்து நிமிடத்துக்குள் திரும்ப வந்து சேராவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டதாகக் கணக்கெழுதி அபராதம் போட்டுவிடுவார்கள். அப்பா கடைக் கணக்கும் பாதியில் நிற்கும். உங்களுக்கு லாப்டாப்தான்.

இப்போது கொஞ்சம் வாட் கணக்குப் பார்ப்போம். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியும் ஒரு இன்வர்ட்டரும். பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஆனால் ஈய பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். பாதி வரைதான் எடுக்கலாம். அப்படியானால் 600. இன்வர்ட்டரிலேயே கொஞ்சம் சூடாகப் போய்விடும். கையில் நிற்பது சுமார் 500 வாட்-மணி. அதில் ஃபேன், இரண்டு விளக்கு, ரூட்டர் எல்லாம் சேர்ந்து 80 வாட் இழுக்கிறது என்று வையுங்கள்.

4060 போட்ட லாப்டாப்பில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழு வேகத்தில் விளையாடினால் சுவரிலிருந்து 150 முதல் 180 வாட் வரை இழுக்கும். வீட்டுச் செலவோடு சேர்த்தால் 250 வாட். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும், அம்மாவின் ஃபேனும் நின்றுவிடும். உண்மையில் இரண்டு மணி நேரம்கூட வராது, ஏனென்றால் ஈய பேட்டரியிலிருந்து வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பதும் குறைந்துவிடும். அதே லாப்டாப்பில் எக்செல் மட்டும் ஓடினால், பெரிய கிராஃபிக்ஸ் சிப் தூங்கிக்கொண்டிருந்தால், 15 முதல் 20 வாட்தான். மொத்தம் 100 வாட், ஐந்து மணி நேரம் ஓடும்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. ஆட்டத்தின் செட்டிங்கில் ஃபிரேம் அளவை 60-இல் கட்டிப்போட்டுவிடுங்கள். டோட்டா, வலோரன்ட் மாதிரி இலேசான ஆட்டங்களில் மின் செலவு ஏறக்குறைய பாதியாக இறங்கும், 70 அல்லது 80 வாட்டுக்கு வந்துவிடும். வீட்டுச் செலவோடு 160 வாட். மூன்று மணி நேரம். கரண்ட் இருக்கும்போது 144 ஃபிரேமில் விளையாடுங்கள், இல்லாதபோது 60. இதற்குக் காசு எதுவும் செலவில்லை, ஆனால் இந்த ஒரு பழக்கம் வீட்டில் பல சண்டைகளைத் தடுக்கும்.

இன்னொரு விஷயம், பேட்டரி காலியாவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், நிரம்புவதைப் பற்றிப் பேசுவதில்லை. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை 10 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவதுதான் அதற்கு நல்லது. பாதி காலியானதை அந்த வேகத்தில் நிரப்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசிக் கொஞ்சம் இன்னும் மெதுவாக ஏறும். கரண்ட் நாலு மணி நேரம் வந்துவிட்டுப் போனால் அது முழுதாக நிரம்பவே நிரம்பாது. நாளாக நாளாகக் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வேகமாக ஏறும், எண்பது சதவீதத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், ஆயுளும் அதிகம். விலை கூடுதல்தான். ஆனால் லாப்டாப் பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்து இந்தப் பக்கம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இன்வர்ட்டரில் ஒரு எச்சரிக்கை. மலிவான இன்வர்ட்டர்கள் கொடுப்பது சதுர அலை மின்சாரம். அதில் விளக்கு எரியும், ஃபேன் உறுமிக்கொண்டு ஓடும், சின்ன லாப்டாப் சார்ஜர்கூடத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 170 வாட், 230 வாட் கேமிங் சார்ஜர்களுக்குள்ளே மின்னோட்டத்தைச் சீர்படுத்தும் சர்க்யூட் ஒன்று தனியாக இருக்கும். அது சுவர் கரண்டில் வரும் வளைவான சைன் அலையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. சதுர அலையில் அது ரீங்காரமிடும், வழக்கத்தைவிடச் சூடாகும், சில நேரம் இன்வர்ட்டரே ஓவர்லோட் என்று நின்றுவிடும். ஆகவே உங்கள் வீட்டு இன்வர்ட்டர் ப்யூர் சைன் வேவ்தானா என்று லேபிளைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் ஓடும் பொது ஜெனரேட்டர் கரண்டிலும் நேரடியாகச் செருகி கேம் விளையாடாதீர்கள். சின்ன ஜெனரேட்டர்களில் லோடு ஏறி இறங்கும்போதெல்லாம் வோல்டேஜும் ஏறி இறங்கும். லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் அதே ஜெனரேட்டரில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

சரி, இனி லாப்டாப்புக்குள் போவோம்.

கேமிங் லாப்டாப்பில் பொதுவாக இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். பிராசசருக்குள்ளேயே ஒரு சின்னது, தனியாக ஆர்.டி.எக்ஸ். என்று ஒரு பெரியது. எக்செல், பிரவுசர், யூடியூப் எல்லாவற்றையும் சின்னதே பார்த்துக்கொள்ளும், அந்த நேரம் பெரியது அணைந்து கிடக்கும். பேட்டரி நாலு, ஐந்து மணி நேரம் நிற்பதன் ரகசியம் இதுதான். ஆனால் சில பிராசசர்களில் இந்தச் சின்னது கிடையாது. ஏ.எம்.டி. ரைசன் 7 7435எச்.எஸ். அப்படிப்பட்டது. எட்டு கோர், நல்ல வேகம், விலையும் குறைவு. அதனாலேயே பட்ஜெட் கேமிங் லாப்டாப்புகள் பலவற்றில் அதைப் போட்டு விற்கிறார்கள். அதில் எக்செல் திறந்தாலும் பெரிய கிராஃபிக்ஸ்தான் விழித்துக்கொண்டு திரையைக் காட்ட வேண்டும். 60 வாட்-மணி பேட்டரி இரண்டு மணி நேரம் நின்றாலே பெரிசு. கரண்ட் போகாத ஊரில் இது ஒரு குறையே இல்லை, மலிவான நல்ல சரக்கு. நமக்கு வேண்டாம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தின் அடியில் பாருங்கள். ஜி.பி.யு. 0, ஜி.பி.யு. 1 என்று இரண்டு இருந்தால் சரி. ஒன்றே ஒன்று இருந்தால் கடைக்காரரிடம் கேள்வி கேளுங்கள். இரண்டும் இருந்தும் பேட்டரி சீக்கிரம் இறங்கினால், பெரிய கிராஃபிக்ஸை மட்டும் பயன்படுத்தும்படி யாரோ செட்டிங்கை மாற்றி வைத்திருக்கலாம்; அதை ஹைப்ரிட் அல்லது ஆப்டிமஸ் என்ற நிலைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்துகளையும் கவனியுங்கள். இன்டெலில் எச்.எக்ஸ். என்று முடிபவை டெஸ்க்டாப் சிப்பை லாப்டாப்புக்குள் வைத்த மாதிரியானவை. வேகத்தில் குறை இல்லை, ஆனால் சும்மா இருக்கும்போதுகூடக் கொஞ்சம் அதிகமாகவே கரண்ட் குடிக்கும். எச். என்று முடிகிற ஐ5 உங்களுக்குத் தாராளம். ஏ.எம்.டி.யில் 7840எச்.எஸ்., 8845எச்.எஸ். கிடைத்தால் எனக்குப் பிடித்தவை அவைதான். வேகமும் உண்டு, பேட்டரியில் சிக்கனமும் உண்டு. 7735எச்.எஸ். பெயரைப் பார்த்தால் 7840-க்கு அடுத்த படி மாதிரித் தெரியும், ஆனால் அது முந்தைய தலைமுறை சிப்புக்குப் புதுப் பெயர். மோசமில்லை; பழைய சிப்பின் விலைக்குக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது 4060-ஆ 3050-ஆ என்ற உங்கள் கேள்வி. நீங்கள் விளையாடும் ஆட்டங்களை வைத்துப் பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், 3050 கூட வேலையை முடித்துவிடும். வலோரன்டுக்கு 144 ஃபிரேமுக்கு மேல் வேண்டும் என்றால் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போதும் என்றுதான் அந்த ஆட்டத்தை வெளியிட்டவர்களே சொல்லியிருந்தார்கள். ஜி.டி.ஏ. 5 கணினிக்கு வந்தது 2015-இல். அன்று அதற்குப் பரிந்துரைத்த கார்டு ஜி.டி.எக்ஸ். 660. ரே டிரேசிங் என்ற ஒளித்தெறிப்பு வேலைகள் சேர்த்து 2025 மார்ச்சில் வந்த புதுப் பதிப்பு கனமானது, ஆனால் பழைய பதிப்பு இன்னும் இருக்கிறது. டோட்டாவைப் பொறுத்தவரை கிராஃபிக்ஸைவிடப் பிராசசர்தான் முக்கியம். பத்துப் பேரும் ஒரே இடத்தில் மோதும்போது ஃபிரேம் சரிவது அதனால்தான்.

பிறகு ஏன் 3050-ஐ நான் பரிந்துரைப்பதில்லை? பல மாடல்களில் அதன் மெமரி 4 ஜி.பி.தான். இன்றைய ஆட்டங்களுக்கு அது போதாது, ஒரு லாப்டாப்பை நாலைந்து வருடமாவது வைத்திருப்போம். மெமரியை அப்புறம் கூட்டவும் முடியாது. 4050-இல் 6 ஜி.பி., 4060-இல் 8 ஜி.பி. இருக்கிறது. 2025-இல் வந்த 5050, 5060 இரண்டிலும் 8 ஜி.பி. உண்டு. என் கணக்கில் உங்களுக்குப் பொருத்தம் 4050 அல்லது 5050. விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் மட்டும் 4060. அதற்கு மேல் போகவே வேண்டாம். 4070 லாப்டாப் கார்டிலும் மெமரி அதே 8 ஜி.பி.தான், விலை மட்டும் எகிறும்.

இங்கேயும் வாட்டுதான் பேசுகிறது. ஒரே 4060 என்ற பெயரில் 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. லாப்டாப் தயாரிப்பவர் உடம்பின் தடிமனுக்கும் ஃபேனுக்கும் தக்கபடி தீர்மானிப்பார். ஒல்லியான லாப்டாப்பில் அடைத்த குறைந்த வாட் 4060-ம், தடிமனான லாப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4050-ம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இது இருக்காது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று ஒரு பக்கம் உண்டு; அதில் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். இன்னொரு குறுக்கு வழி, சார்ஜர் லேபிள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருந்தால் 230 வாட். 20 வோல்ட், 8.5 ஆம்பியர் என்றால் 170 வாட். சார்ஜர் சின்னதாக இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸுக்குப் போவதும் குறைவுதான்.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவது: கரண்ட் போனால் லாப்டாப் பேட்டரியில் அதே வேகத்தில் விளையாடலாம் என்று நினைப்பது. முடியாது. லாப்டாப் பேட்டரியால் ஒரே நேரத்தில் 150 வாட் கொட்ட முடியாது. அதனால் சார்ஜரை உருவிய நொடியே கிராஃபிக்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கோ பாதிக்கோ இறங்கிவிடும். ஆட்டத்தின் நடுவில் படம் ஒரு கணம் திக்கும், பிறகு தொய்ந்துபோன மாதிரி ஓடும். அப்படி ஓடியும் ஒரு மணி நேரம் நின்றால் அதிகம். மேலே சொன்ன 60 ஃபிரேம் கட்டுப்பாடு இங்கேயும் கைகொடுக்கும். பேட்டரியாலும் 60 ஃபிரேமைக் கொடுக்க முடியுமென்றால், கரண்ட் போனதே உங்களுக்குத் தெரியாமல் அந்த ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆனால் ரூட்டர்? லாப்டாப் விழித்திருக்கும், வைஃபை செத்துவிடும். இன்வர்ட்டர் லைனில் ரூட்டர் இல்லையென்றால், ரூட்டருக்கென்றே விற்கிற 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். ஃபைபர் லைனென்றால் சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கும் சேர்த்து மாட்ட வேண்டும். ரூட்டருக்கு மட்டும் போட்டுவிட்டு நெட் வரவில்லையே என்று தவிக்கிறவர்கள் உண்டு.

லாப்டாப் பேட்டரி எவ்வளவு பெரிசு என்பது வாட்-மணியில் போட்டிருக்கும். இந்த விலை வரிசையில் 50 சொச்சத்திலிருந்து 90 வரை பார்க்கலாம். ஒரே விலையில் இரண்டு மாடல் இருந்தால் பெரிய பேட்டரி உள்ளதை எடுங்கள். அத்துடன் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஏறும் என்றால் 65 அல்லது 100 வாட் சின்ன சார்ஜரில் பகல் வேலையை ஓட்டிவிடலாம். பெரிய செங்கல் சார்ஜரைக் கிளாசுக்குச் சுமக்க வேண்டாம், பவர் பேங்க்கிலும் ஏற்றலாம், சதுர அலை இன்வர்ட்டர் தொல்லையும் குறையும். டைப்-சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று எண்ணிவிடாதீர்கள். சில மாடல்களில் அது டேட்டாவுக்கு மட்டும். துளையின் பக்கத்தில் பேட்டரி அல்லது பிளக் மாதிரி சின்னக் குறி இருக்கிறதா பாருங்கள், முடிந்தால் கடையிலேயே ஒரு டைப்-சி சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியைப் போட்டு வைக்கச் சொல்லி நெட்டில் எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு அது சரி. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாதவர்களுக்கு அந்த மீதி இருபது சதவீதம் ஒரு மணி நேர வேலை. முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதனாலேயே ஊரில் உதிரி பேட்டரி கிடைக்கிற, நிறையப் பேர் வைத்திருக்கிற மாடலாக வாங்குவது நல்லது.

வோல்டேஜ் பற்றி. சாயங்காலம் எல்லார் வீட்டிலும் அடுப்பும் ஏ.சி.யும் ஓடும்போது 230 வர வேண்டிய இடத்தில் 160, 170 என்று இறங்கும். லாப்டாப் சார்ஜர் 100-இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், அதனால் குறைந்த வோல்டேஜில் ஒன்றும் ஆகாது. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் கூடும். ஒயரும் பிளக்கும் சூடாகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டுகளில் பிளக் தளர்வாக உட்கார்ந்து, அந்த இடம் பழுப்பேறி உருகிப்போனதை ரிப்பேருக்கு வருகிற சார்ஜர்களில் அடிக்கடி பார்க்கிறேன். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றைக்கே போர்டை மாற்றுங்கள். ஆபத்து அதிகம் உள்ள நேரம் கரண்ட் திரும்பி வரும் நொடிதான். கரண்ட் போனதும் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டுச் செருகுங்கள். இன்வர்ட்டரில் இருந்தால் அதன் மெயின் லைனுக்கு ஒரு வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி போட்டுவிடுங்கள்.

பழைய கட்டடங்களில் எர்த் கிடையாது. மொகல் தெரு, சூலே பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் பிளக்கில் மூன்று துளை இருந்தாலும் மூன்றாவதன் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் உலோக மூடி போட்ட லாப்டாப்பைச் செருகிக்கொண்டு தொட்டால் விரலில் மெல்லிய குறுகுறுப்புத் தெரியும். லாப்டாப் பழுது இல்லை அது. சார்ஜருக்குள் வடிகட்டியாக இருக்கும் கெப்பாசிட்டர் வழியே கசியும் சிறு மின்னோட்டம், போவதற்கு எர்த் இல்லாததால் உடம்பைத் தேடுகிறது. பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நாள் முழுவதும் தொந்தரவு. எர்த் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையென்றால் பிளாஸ்டிக் உடம்பு லாப்டாப்பாகப் பார்த்து எடுங்கள்.

வெயிலைச் சொல்லவே வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மாகுவே பகுதியில் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது. அன்று யாங்கோனிலும் 40. அறை பத்து டிகிரி சூடானால் லாப்டாப்பின் உள்ளேயும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். ஏ.சி. அறையில் சோதித்துப் பார்த்து 85 டிகிரி என்று எழுதியிருப்பவர்களின் லாப்டாப், நம் வீட்டுச் சித்திரை மாதத்தில் 95-ஐத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் ஒல்லி மாடல் வேண்டாம். தடிமனாக, பின்பக்கம் அகலமான காற்றுத் துளைகளோடு, அடிப்பக்க மூடியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்கக்கூடியதாகப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து ஃபேனில் தூசி தட்டினாலே பல டிகிரி இறங்கும். சாமி மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் தட்ட வேண்டும். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு சேர்ந்து ஃபேனில் களிம்பு போல ஒட்டிக்கொள்கிறது.

மற்றவை சுருக்கமாக. ராம் 16 ஜி.பி., இரண்டு துண்டாக. 8 ஜி.பி. வாங்கிவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பது முன்பு நல்ல யோசனையாக இருந்தது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டதால் இப்போது உள்ளேயே 16 இருப்பதை வாங்குவது லாபம். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. போதும், ஆனால் இன்னொன்று போட இடம் இருக்க வேண்டும். திரையில் 144 ஹெர்ட்ஸ் இன்று எல்லாவற்றிலும் வருகிறது, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறமும் வெளிச்சமும்தான் வேறுபடும். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதைச் சதவீதத்தில் போட்டிருப்பார்கள். 45 சதவீத என்.டி.எஸ்.சி. என்று போட்டிருந்தால் வெளுத்த திரை. நூறு சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. என்றால் கண்ணுக்கு நல்லது, தங்கை கல்யாண ஆல்பம் திருத்தக் கேட்டாலும் உதவும். லேன் துளை இருக்கட்டும். சிங்கப்பூர் சர்வருக்கு விளையாடும்போது வைஃபையைவிட ஒயரில் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) ஆடாமல் நிற்கும். பிங் எண்ணைக் குறைப்பது எந்த லாப்டாப்பாலும் ஆகாது, அது லைனின் வேலை.

எங்கே வாங்குவது என்றால், முடிந்தவரை இங்கேயே. விலை டாலரோடு ஏறி இறங்கும் என்பதால் நேற்றுச் சொன்ன விலை இன்று இருக்காது. எத்தனை கியாட் என்று நான் எழுதினாலும் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். ஆனால் பழுதானால் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ பாங்காக்கிலோ சொந்தக்காரர் வாங்கி வந்தால் விலை குறையலாம். அப்படியென்றால் வாரன்டி அந்த நாட்டுக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள், தாய்லாந்துச் சரக்கில் கீபோர்டில் தாய் எழுத்து அச்சாகியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். விமானத்தில் 100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. எந்த கேமிங் லாப்டாப்பும் அதற்குள்தான் இருக்கும். இன்வர்ட்டருக்குப் பதிலாக விற்கிற பெரிய பவர் ஸ்டேஷன்களை விமானத்தில் கொண்டுவர முடியாது, அதை மட்டும் மாமாவிடம் கேட்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறீர்களென்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஏதோ குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்தாலும் வலோரன்ட் உங்களை உள்ளே விடாமல் போகலாம். விண்டோஸ் 11-இல் அது டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று, வாங்கிய பிறகு உதவும். ஜி.டி.ஏ. 5 மாதிரி 100 ஜி.பி.யைத் தாண்டும் ஆட்டங்களை நம் ஊர் நெட்டில், அதுவும் கரண்ட் வந்து போகும் இடைவெளியில் இறக்குவது பெரும்பாடு. ஸ்டீமில் 2023-லிருந்து ஒரு வசதி இருக்கிறது: ஒரே வைஃபையில் உள்ள இன்னொரு கணினியில் அந்த ஆட்டம் ஏற்கெனவே இருந்தால், நெட்டிலிருந்து இறக்காமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆட்டம் உங்கள் கணக்கில் இருந்தால் போதும். கூட்டாளி வீட்டுக்கு லாப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் ஏரியாவில் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டையும் லேன் ஒயரில் ரூட்டரோடு இணைத்துவிட்டு ஸ்டீம் செட்டிங்கில் டவுன்லோட்ஸ் பக்கத்தில் அந்த வசதியை இரண்டு பக்கமும் திறந்துவிடுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏறிவிடும்.